மாருத் ரெசின் கிட்: மூன்று மாதம் கட்டிப் பார்த்த பிறகு

மாருத் போர் விமானத்தின் சிறு மாதிரியை, ரெசின் பாகங்களை ஒட்டி நாமே கட்டுகிற கிட் இது. பெட்டி வந்ததும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஏதோ கலகலத்தது. ரெசின் கிட் வாங்கிப் பழகியவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். பிரித்தால், இடது இறக்கையின் நுனி சுண்டுவிரல் நகமளவு ஒடிந்து ஒரு மூலையில் கிடந்தது.

கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். "ரெசின் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் இல்லை சார், பில்லிலேயே போட்டிருக்கோம்" என்று பதில் வந்தது. பில்லைப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது, எறும்பு எழுத்தில். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, கிட் செய்கிறவர்களின் பெயரும் வேண்டாம். வெளிநாட்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கொட்டகையில் வார்த்து விற்கிற சமாச்சாரம் அது.

விமானம் எச்.எஃப்-24 மாருத், பெங்களூரில் செய்த ஜெட் போர் விமானம். அளவு 1/72, அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு. விலை 4,850 ரூபாய், கூரியர் தனி. மாருத்தில் போட்டிருந்த ஆர்ஃபியஸ் 703 இன்ஜின் ஒவ்வொன்றின் உந்துவிசையும் 4,850 பவுண்டுதான். கடைக்காரருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்குத் தெரிந்து தொலைத்ததால் பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன்.

நான் ஓசூரில் ஒரு டூல் ரூமில் இருக்கிறேன். மோல்டு, டை, வார்ப்பு இவைதான் 26 வருஷமாகச் சோறு போடுகின்றன. ஆகவே வார்ப்பில் குறை சொல்ல எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அப்பா பெங்களூர் எச்.ஏ.எல் விமானத் தொழிற்சாலையில், தகடுகளை இணைக்கிற ரிவிட் அடித்தவர். 1963-இல் அவர் சேர்ந்தபோது அது ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட். மறு வருஷம்தான் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஆனது. மாருத் உடம்பில் அவர் அடித்த ரிவிட்டுக்குக் கணக்கே கிடையாது. அந்தச் சத்தத்தில் ஒரு காது முழுசாகவும் இன்னொன்று பாதியும் போய்விட்டன. எங்கள் வீட்டு டிவி தெருவுக்கே கேட்கும்.

சரி, கிட்டுக்கு வருகிறேன்.

சாம்பல் நிற ரெசினில் 38 உருப்படிகள். சக்கரக் கால்கள் மட்டும் ஈயக்கலவையில் வார்த்தவை. பைலட்டின் தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடியான கனோபி, வேக்யூமில் இழுத்தது, இரண்டு. ஒன்றை வெட்டும்போது நாம் கெடுத்துவிடுவோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. சின்னங்களும் எண்களும் ஒட்டுவதற்கான டெக்கால் ஒரு தாள். வழிமுறை என்ற பெயரில் ஒரு ஏ-4 தாள். அதில் "பாகம் 7-ஐப் பாகம் 8-உடன் ஒட்டவும்" என்கிற ரீதியில் படம் போட்டிருக்கிறார்கள். எது 7, எது 8 என்று பாகத்தில் எந்த எண்ணும் இல்லை. கால் மூடிகள் ஆறும் ஒன்றுபோலவே இருந்ததால், எது எந்தப் பக்கத்துக்கு என்று கண்டுபிடிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

வார்ப்புத் தரம் சுமார். வார்க்கும்போது காற்று சிக்கி விழுகிற ப்ளோ ஹோல் மொத்தம் 11 எண்ணினேன். பெரியது பைலட் இருக்கையின் தலைப்பகுதியில், குண்டூசித் தலை அளவுக்கு. மற்றவை எல்லாம் புட்டி வைத்தால் மறைந்துவிடும். மோல்டு இணைகிற கோட்டில் பிசிறு அதிகமில்லை. எங்கள் ஷாப்பில் இந்த வார்ப்பு வந்தால் திருப்பி அனுப்ப மாட்டேன், ஆனால் அனுப்பினவருக்கு ஒரு போன் போடுவேன்.

வலது இறக்கை வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. ரெசினில் இது சகஜம், பயப்பட வேண்டாம். கை பொறுக்காத சூட்டில் வெந்நீர் எடுத்து, ஒரு நிமிஷம் முக்கி, சமமான கண்ணாடி மேல் வைத்து அழுத்திப் பிடித்து, அப்படியே பச்சைத் தண்ணீரில் விட்டால் நேராகிவிடும். அதற்கு முன்னால் எல்லாப் பாகங்களையும் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் பழைய டூத் பிரஷும் போட்டுக் கழுவ வேண்டும். மோல்டிலிருந்து கழல்வதற்காகத் தடவின எண்ணெய் மேலே இருக்கும். அது போகாவிட்டால் பெயின்ட் தோல் தோலாக உரியும். தேய்க்கும்போது வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டே தேய்க்கவும், மாஸ்க் போடவும். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. இதில் எதுவும் அந்த ஏ-4 தாளில் இல்லை என்பதால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

ஒடிந்த நுனிக்கு 0.5 மி.மீ. துளை போட்டு, பித்தளைக் கம்பி சொருகி, சூப்பர் குளூ விட்டேன். இப்போது தேடினாலும் தெரியாது.

அப்புறம் அளவெடுக்க வெர்னியரை எடுத்தேன். நிஜ மாருத்தின் நீளம் 15.87 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 220.4 மி.மீ. வர வேண்டும். கிட் 219.2. இறக்கை விரிவு 9 மீட்டர், அதாவது 125 மி.மீ. கிட்டில் 124.6, என் ஒட்டுவேலையையும் சேர்த்து. இவ்வளவு நெருக்கமாக வந்ததற்குச் சபாஷ் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் நீளம் சரியாக இருந்தால் மட்டும் மாருத் ஆகிவிடாது. அதன் உயிர் இடுப்பில் இருக்கிறது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது விமானத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு திடீரென்று கூடினால் காற்று முரண்டு பிடிக்கும். அதனால் இறக்கை தொடங்குகிற இடத்தில் உடம்பை ஒடுக்கிவிடுவார்கள். 1950-களில் வந்த வித்தை இது. மாருத்தை மேலிருந்து பார்த்தால் பழைய கோலா பாட்டில் மாதிரி உள்ளே வாங்கி, பிறகு இரண்டு இன்ஜினுக்கு இடம் விட்டு விரியும். அந்த வளைவு ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் வேறு ஏதோ விமானம் போலாகிவிடும்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, ஒட்டாத உடம்புப் பாதி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பெங்களூர் போனேன். கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தின் வெளியே ஒரு மாருத் நிற்கிறது. பல தூரங்களில் நின்று, ஒரு கண்ணை மூடி, கையிலிருந்த துண்டை நிஜத்தின் மேல் பொருத்திப் பொருத்திப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலைந்து பேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வளைவு அச்சாக உட்கார்ந்தது. இந்த கிட்டின் மோல்டுக்கு மூலமான மாஸ்டரைச் செதுக்கின ஆள் எவரோ, அவர் கண்ணை நம்பலாம். 4,850 ரூபாயில் பெரும்பகுதி அந்தக் கண்ணுக்குத்தான்.

எச்.ஏ.எல்-இன் சொந்த அருங்காட்சியகம் பழைய ஏர்போர்ட் ரோட்டில் இருக்கிறது. அங்கேயும் ஒரு மாருத் உண்டு. கட்டுவதற்கு முன் இரண்டில் ஒன்றையாவது போய்ப் பார்த்துவிடுங்கள். எத்தனை போட்டோ பார்த்தாலும் அந்த இடுப்பு பிடிபடாது.

நிஜ இடுப்பை வரைந்தவர் கர்ட் டாங்க். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஃபோக்க-வுல்ஃப் 190 போர் விமானத்தை வடிவமைத்த அதே ஆள். போருக்குப் பிறகு அர்ஜென்டினாவில் புல்கி-2 என்ற ஜெட்டைச் செய்து பார்த்தார். அது சரிப்படாமல் போக, 1956-இல் தன் ஆட்கள் சிலருடன் பெங்களூர் வந்துசேர்ந்தார். அன்றைய பெங்களூரில் அவர் கேட்ட வசதி பாதி இல்லை. அதனால் முழு அளவில் மரத்திலேயே எக்ஸ்-241 என்று ஒரு கிளைடர் செய்து, டகோட்டா விமானத்தில் கட்டி இழுத்து 1959-இல் பறக்கவிட்டார்கள். நிஜ விமானம் 1961 ஜூனில் எழும்பியது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். பெங்களூர்க்காரர்கள் இன்றைக்கு டிராஃபிக்கில் திட்டிக்கொண்டே போகிற சுரஞ்சன் தாஸ் ரோடு அவர் பெயரில் இருப்பதுதான். மாருத் என்றால் புயல் தேவன் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். நமக்கு மாருதம் என்றால் காற்று, அவ்வளவு போதும்.

இனி கிட்டின் குறைகள். மேலிருந்து தொடங்கினால், பேனல் கோடுகள். தகடும் தகடும் சேர்கிற இடங்களை இவர்கள் 0.3 மி.மீ. அகலத்துக்குக் கீறி வைத்திருக்கிறார்கள். கேட்க ஒன்றுமில்லை போலத் தெரியும். 72-ஆல் பெருக்குங்கள். நிஜத்தில் அது 2 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான பள்ளம். அப்படி இடைவெளி விட்ட விமானம் ஓடுபாதையைத் தாண்டியிருக்காது. நான் கோடுகளைப் புட்டியால் நிரப்பி, தேய்த்து, மறுபடி ஊசியால் மெல்லக் கீறினேன். உடம்பில் மட்டும்தான். இறக்கைக்கு வரும்போது பொறுமை தீர்ந்துவிட்டது, அப்படியே விட்டுவிட்டேன்.

காற்று உள்ளே போகிற வாய்கள் இரண்டும் அருமை. மாருத்தில் அரைவட்ட வாய், அதன் நடுவே பாதிக் கூம்பு ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். அதைத் தனிப் பாகமாகவே தந்திருக்கிறார்கள். விளிம்பு பிளேடு மாதிரி மெலிசு. வார்ப்பில் இவ்வளவு மெலிசாக எடுப்பது லேசான வேலையில்லை.

பின்பக்கம் போனால் ஏமாற்றம். இரண்டு புகைவாய்களிலும் 3 மி.மீ. ஆழம் போனதும் சுவர். டர்பைன் இல்லை, குழாய் இல்லை, வெறும் ரெசின் சுவர். டார்ச் அடித்துப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாருத்தின் கதையே அந்த இடத்தில்தான் முட்டி நிற்கிறது.

விமானப்படை கேட்டது மாக் 2, அதாவது ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம். அதற்குக் குறித்துவைத்த இன்ஜின், பின்குழாயில் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துகிற ஆஃப்டர்பர்னரோடு கூடிய ஆர்ஃபியஸ் பி.ஓ.ஆர்.12. ஒன்றுக்கு 8,000 பவுண்டுக்கு மேல் தள்ளும் என்று கணக்கு. பிரிட்டனில் அந்த இன்ஜினுக்கு வேறு வாடிக்கையாளர் கிடைக்கவில்லை. வேலையைத் தொடரப் பணம் கேட்டார்கள், நம் அரசாங்கம் கொடுக்கவில்லை. இன்ஜின் பாதியில் நின்றுபோனது. கடைசியில் குட்டி நாட் விமானத்துக்காக இங்கேயே உரிமம் வாங்கிச் செய்துகொண்டிருந்த ஆர்ஃபியஸ் குடும்பத்திலிருந்தே, ஆஃப்டர்பர்னர் இல்லாத 703-ஐ இரண்டிரண்டாகப் போட்டு ஒப்பேற்றினார்கள். மாக் 2-க்கு வரைந்த உடம்பு நேர்மட்டத்தில் மாக் 1-ஐத் தொடவே மூச்சு வாங்கியது.

மாற்று இன்ஜினுக்கு எங்கெல்லாமோ அலைந்திருக்கிறார்கள். எகிப்தில் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியர் செய்துகொண்டிருந்த ஈ-300 இன்ஜினைப் பொருத்திப் பார்க்க ஒரு மாருத்தையே ஹெல்வானுக்கு அனுப்பி, 1967-இல் அங்கே பறக்கவும் விட்டார்கள். அந்தத் திட்டமும் கலைந்தது. டாங்கும் அதே வருஷம் எச்.ஏ.எல்-ஐ விட்டுக் கிளம்பிவிட்டார். ஆர்ஃபியஸுக்கே ஆஃப்டர்பர்னர் வைத்து ஒரு சோதனை விமானம் செய்தார்கள். 1970 ஜனவரி 10 அன்று அதைக் கிளப்பும்போதுதான் சுரஞ்சன் தாஸ் விபத்தில் இறந்தார்.

அப்பாவிடம் இதையெல்லாம் கேட்டால் ஒரே வரிதான் சொல்வார். "இன்ஜின் வருது வருதுன்னாங்க. நாங்க பாடி அடிச்சு அடிச்சு வெச்சோம்." 147 பாடி, சோதனை விமானங்களும் இரட்டை இருக்கைப் பயிற்சி விமானங்களும் சேர்த்து. அடிக்கிறவர்களுக்கு அது எந்த வேகத்தில் பறக்கிறது என்பது வேறு டிபார்ட்மென்ட் விஷயம்.

புகைவாய்ச் சுவரை நான் சிறு டிரில் வைத்துக் குடைந்து எடுத்து, உள்ளே ஸ்ட்ரா துண்டு சொருகி, அடியில் கருப்பு அடித்தேன். இரண்டு மாலை வேலை. செய்ய மாட்டேன் என்கிறவர்கள் கருப்பு மட்டும் அடித்துவிட்டு, அலமாரியில் பின்பக்கத்தைச் சுவர் பார்க்க வையுங்கள்.

இன்னொரு வழுக்கல், மூக்கு எடை. வால்பக்கம் முழுக்க ரெசின் கட்டியாக இருப்பதால் பின்னால்தான் கனம். மூக்குக்குள் எடை வைக்கச் சொல்லி வழிமுறைத் தாளில் ஒரு வார்த்தை இல்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. உடம்பை ஒட்டி, தையலைத் தேய்த்து, பிரைமர் அடித்து, சக்கரமும் பொருத்திக் கீழே வைத்தேன். மூக்கைத் தூக்கிக்கொண்டு பொத்தென்று பின்னால் உட்கார்ந்தது, வாசலில் உட்கார்கிற நாய் மாதிரி. முன்சக்கரக் குழிக்குள் துளை போட்டு, தூண்டில்காரர்கள் வைக்கிற ஈயக்குண்டு ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, 12 கிராம் போனதும் மூக்கு இறங்கியது. நீங்கள் ஒட்டுவதற்கு முன்னாலேயே 15 கிராம் வைத்துவிடுங்கள். காக்பிட் தட்டுக்கு முன்னால் தாராளமாக இடம் இருக்கிறது. நிஜத்தில் அந்த மூக்குப் பக்கம் நான்கு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள் இருந்தன. நாம் ஈயக்குண்டு வைப்பதில் தப்பில்லை.

கனோபி முதலாவதை, எதிர்பார்த்தபடியே, கத்தரிக்கோலில் கெடுத்தேன். இரண்டாவதைப் புது பிளேடால் பத்துப் பதினைந்து முறை மெல்லக் கீறி எடுத்தேன். சரியாக வந்தது.

டெக்கால் விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது. நம் விமானப்படை வட்டத்தில் நடுவில் பச்சை, அடுத்து வெள்ளை, வெளியே காவி. இவர்கள் காவியைத் தக்காளிச் சிவப்பாக அடித்திருக்கிறார்கள். சிவப்பும் வெள்ளையும் பச்சையும் வட்டமாக வந்தால் பார்க்கிறவனுக்கு இத்தாலிதான் ஞாபகம் வரும். போதாக்குறைக்கு இரண்டு வட்டங்களில் வெள்ளை வளையம் ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டது. வேறு கிட்டில் மிஞ்சியிருந்த வட்டங்களைப் போட்டுச் சமாளித்தேன். சீரியல் எண்களும் சின்னச் சின்ன எச்சரிக்கை எழுத்துகளும் தெளிவு, அவற்றை நம்பிப் போடலாம்.

10-ஆம் ஸ்குவாட்ரனுக்கும் 220-ஆம் ஸ்குவாட்ரனுக்கும் குறிகள் தந்திருக்கிறார்கள். நான் 220 போட்டேன். 1971 டிசம்பரில், பாகிஸ்தானுடனான போரில், ராஜஸ்தான் பாலைவனப் பக்கம் தாழப் பறந்து தரைத் தாக்குதல் செய்தவை இந்த இரண்டும்தான். வான்சண்டையில் ஒரு மாருத்கூட விழவில்லை. தரையிலிருந்து சுட்டதில் ஒரு இன்ஜின் போய், மிச்சம் ஒன்றோடு தளத்துக்குத் திரும்பியவை உண்டு. சின்ன இன்ஜின் இரண்டு போட்டதில் அப்படி ஒரு லாபம்.

நிறத்துக்கு அலுமினியம் ஷேடு அடித்தேன், தகடுக்குத் தகடு லேசாக மாற்றி மாற்றி. சில்வர் அடிக்கப் போகிறவர்கள் பிரைமருக்குப் பிறகு 1200, 2000 என்று வாட்டர் பேப்பர் ஏறிக்கொண்டே போய் மழமழவென்று ஆக்கிவிட்டு அடியுங்கள். சில்வர் பெயின்ட் எதையும் மறைக்காது, ஊரைக் கூட்டிக் காட்டும்.

யார் வாங்கலாம்? பிளாஸ்டிக் கிட் ஐந்தாறு முடித்தவர்கள், டிரில்லும் பொறுமையும் கைவசம் உள்ளவர்கள் வாங்கலாம். பிறந்தநாளுக்குப் பையனுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தால் வேண்டவே வேண்டாம். சூப்பர் குளூவும் ரெசின் தூளும் பிள்ளைகளுக்கு ஆகாது, வாங்கிக் கொடுத்தவரைத்தான் வீட்டில் திட்டுவார்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். இடுப்புக்கும் காற்றுவாய்க்கும் மூன்று, அந்த மாஸ்டர் செதுக்கினவருக்காக அரை. டெக்காலுக்கும் ஏ-4 தாளுக்கும் பூஜ்யம். கடைக்காரருக்கு மதிப்பெண் தனியாகப் போடவில்லை. பேக்கிங்கில் ஒரு கைப்பிடி பஞ்சு கூடுதலாக வைத்திருந்தால் அவர் பாடு வேறு.

முடிந்த அன்று சாயங்காலம் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு இப்போது கண்ணும் மங்கல். மூக்கைப் பிடித்துத் தூக்கியதும் எனக்குப் பதறியது, வேகம் அளக்கிற பிட்டோ குழாய்க்குத் தையல் ஊசி வைத்திருந்தேன். அவர் அதைப் பார்க்காமலே லாகவமாகத் தவிர்த்துவிட்டு, கட்டைவிரலை உடம்பின் மேல் மெதுவாக ஓட்டினார். ஷாப்பில் ரிவிட் தலை மேலே நிற்கிறதா என்று இப்படித்தான் தடவிப் பார்ப்பார்களாம், கண்ணைவிட விரல்தான் நிஜம் சொல்லுமாம். இடுப்புக்கு வந்ததும் விரல் நின்றது.

"இந்த இடம்," என்றார். "இங்க உள்ளே கை நுழையாது. ஒல்லியா இருக்கிற பையனாப் பார்த்து டாலி பிடிக்கச் சொல்லுவோம்." டாலி என்றால் ரிவிட்டுக்குப் பின்னால் முட்டுக் கொடுக்கிற இரும்புக்கட்டை.

விரல் திரும்பி நகர்ந்து இறக்கைக்குப் போனது, நான் சோம்பேறித்தனமாக விட்டுவைத்த கோடுகளுக்கு. நகத்தை அதில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் பார்த்தார்.

"டேய், என்னடா இது வாய்க்கால் மாதிரி? இன்ஸ்பெக்‌ஷன்ல பாஸ் பண்ண மாட்டான்."

கிட்டில் அப்படித்தான் வந்தது என்று காதருகே போய்க் கத்திச் சொன்னேன். பாதிக் காதில் அது விழவில்லையா, விழுந்தும் ஒத்துக்கொள்ளவில்லையா தெரியாது. விமானத்தை என் கையில் கொடுத்து, "பிரிச்சு அடி" என்றார்.